திறந்த பக்கங்களும் திணறும் கணினியும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் கணினி என்பது வெறும் அலுவலகக் கருவி அன்று. மும்பை மாதுங்காவாயினும், டில்லி கரோல்பாக்காயினும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டாயினும், நம்மவர் இல்லங்களில் அது பல பணிகளை ஏற்று நிற்கிறது. பொங்கலுக்கு ஊர் செல்லும் இரயில் பயணச்சீட்டு அதன் வழியே பெறப்படுகிறது. பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பில்லாத குழந்தை அதன் திரையில் அகரம் பழகுகிறது. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியரின் முகம் ஞாயிறு மாலையில் அதில் தோன்றுகிறது. கணவரின் அலுவலும், மனைவியின் அலுவலும், வங்கிக் கணக்கும், மின்கட்டணமும் அதனையே நம்பியுள்ளன.

இத்துணைப் பணிகளைச் சுமக்கும் கருவி தளர்ந்தால் வீடே தளர்கிறது. எழுத்தைத் தட்டினால் சற்றுப் பொறுத்தே அது திரையில் விழுகிறது. காற்றாடி ஓயாது இரைகிறது. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் உறைந்து நிற்கிறது. “வாங்கி நான்கு ஆண்டுகள் ஆயின, கணினிக்கு வயதாகிவிட்டது” என்று வீட்டார் முடிவு கட்டுகின்றனர். கடைக்குச் சென்றால், புதியது ஒன்று வாங்குவதே நலம் என்ற அறிவுரை கிடைக்கிறது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போக எஞ்சிய பணத்திலிருந்து பல்லாயிரம் ரூபாய் அதற்கென ஒதுக்க வேண்டியதாகிறது.

அச்செலவைச் செய்யுமுன் ஒன்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். நோய் கணினியின் வயதில் இருக்கிறதா, அன்றி நாம் திறந்துவைத்து மறந்துபோன பக்கங்களில் இருக்கிறதா என்பதே அது. பல இல்லங்களில் நோய் இரண்டாவது இடத்தில்தான் உள்ளது. அதற்கு மருந்து காசின்றிக் கிடைப்பது. ஆயினும் நோயின் இயல்பை அறியாமல் மருந்தைச் சரியாகக் கொடுத்தல் இயலாது. ஆகவே அதனை முதலிற் காண்போம்.

மூடாத புத்தகமா, அணைக்காத அடுப்பா?

இணையத்தளங்களைக் காட்டும் மென்பொருளைப் பிரௌசர் என்கிறோம். தமிழில் உலாவி என்பர். அதன் மேல்விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சிறு தலைப்புகளே டேப்கள். ஒவ்வொரு டேப்பும் ஒரு பக்கத்தைக் குறிக்கும். பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருப்பது, மேசைமேல் பத்துப் புத்தகங்களை விரித்து வைத்திருப்பது போன்றதே என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். விரித்த புத்தகம் எதையும் உண்பதில்லை, எதையும் எரிப்பதில்லை. ஆதலின் திறந்த பக்கத்தாலும் கேடில்லை என்பது அவர்கள் துணிவு.

இணையம் பிறந்த காலத்தில் அவ்வெண்ணம் பெரிதும் பொருந்தியது. டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ஆம் ஆண்டு முதல் உலாவியை எழுதினார். அன்றைய பக்கம் எழுத்துகளால் ஆயது. ஒருமுறை வந்து சேர்ந்தபின் அசையாது கிடந்தது. அந்நிலையை மாற்றியது 1995-ஆம் ஆண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஒரு புதிய கணினி மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அம்மொழி, பக்கத்துக்குள்ளேயே கட்டளைகளை வைத்து அனுப்ப வழி செய்தது. அக்கட்டளைத் தொடர்களையே ஸ்கிரிப்ட் என்கிறோம். அன்றுமுதல் பக்கம் படிக்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. இயங்கும் பொருளாகவும் ஆயிற்று.

டேப்கள் அதன் பின்னரே பரவின. 2004-ஆம் ஆண்டு வெளிவந்த பயர்பாக்ஸ் அம்முறையை மக்களிடையே பரப்பியது. 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 7-ஆம் பதிப்பும் அதனை ஏற்றது. ஒரே சாளரத்தில் எத்தனை பக்கங்களையும் அடுக்கலாம் என்ற வசதி வந்தவுடன், பக்கத்தை மூடும் பழக்கம் நம்மை விட்டு அகன்றது.

எனவே இன்று திறந்திருக்கும் பக்கத்துக்கு ஏற்ற உவமை விரித்த புத்தகம் அன்று. அஃது அணைக்காத அடுப்பு. நாம் வேறு பக்கத்துக்குச் சென்றுவிட்டாலும், முன்பு திறந்த பக்கம் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அடியில் தீயும் எரிந்துகொண்டிருக்கலாம். இடத்தைப் பிடிப்பது ஒரு குற்றம்; தீ எரிவது மற்றொரு குற்றம். இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

அடுக்களை மேடையும் பரணும்

பெருநகரத்து அடுக்ககங்களில் சமையலறை மேடை சிறியது. சமைக்கும்போது வேண்டிய பாத்திரங்கள் அம்மேடைமேல் இருக்க வேண்டும். இடம் போதாதபோது சிலவற்றை எடுத்துப் பரண்மேல் வைக்கிறோம். பரணில் இடம் மிகுதி. ஆனால் ஏணி வைத்து ஏறி இறங்க வேண்டும்.

கணினியிலும் இவ்விரண்டும் உள்ளன. ரேம் எனப்படும் நினைவகமே மேடை. ஹார்டு டிஸ்க், அல்லது அதன் இடத்தில் இன்று பொருத்தப்படும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புக் கருவியே பரண். ஒரு பக்கத்தைத் திறந்தால், அதன் எழுத்து, படம், கட்டளை ஆகிய யாவும் நினைவகத்தில் இடம் பிடிக்கின்றன. எளிய பக்கம் ஒன்று 50 முதல் 100 மெகாபைட்டு வரை எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல், வரைபடம், ஒளிக்காட்சி போன்ற கனத்த பக்கங்கள் 300, 400 மெகாபைட்டு வரையிலும், அதற்கு மேலும் பிடிப்பதுண்டு.

நான்கு ஜி.பி. நினைவகம் கொண்ட கணினி இன்னும் பல இல்லங்களில் உள்ளது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டிய குறைந்த அளவும் அதுவே. அதில் ஏறத்தாழப் பாதி இயங்கு தளத்துக்கும் அதன் துணைப் பணிகளுக்கும் போய்விடும். உலாவி தனக்கென்று சில நூறு மெகாபைட்டுகளை எடுக்கும். எஞ்சிய இடத்தில் 150 மெகாபைட்டு வீதம் பத்துப் பக்கங்கள் அமர்ந்தாலே மேடை நிறைந்துவிடும். பதினோராவது பக்கத்துக்கு இடம் எங்கே?

அப்போதுதான் கணினி பரணை நாடுகிறது. சற்று நேரமாகத் தொடப்படாத பகுதிகளை நினைவகத்திலிருந்து எடுத்து டிஸ்கில் வைக்கிறது. தேவைப்படும்போது மீண்டும் இறக்குகிறது. இவ்வேற்பாடு பழமையானது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினி, சுழலும் உருளை ஒன்றையும் நினைவகத்தோடு சேர்த்து, இரண்டும் ஒன்றே போல் தோன்றும்படி செய்தது. இன்றைய கணினிகள் அனைத்தும் அவ்வழி வந்தவையே.

இதில் உள்ள இடர் யாதெனின், பரணுக்கு ஏறி இறங்கும் காலமே. நினைவகத்திலிருந்து ஒரு பொருளை எடுக்கக் கணினிக்கு ஒரு நொடி ஆகிறது என்று பெருக்கிக் கற்பனை செய்துகொள்வோம். அதே கணக்கில், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க ஏறத்தாழப் பதினேழு நிமிடம் ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளைக்கும் மேல் ஆகும். மேடையில் உள்ள கரண்டியை எடுக்க ஒரு நொடியும், பரணில் உள்ள கரண்டியை எடுக்க ஒரு நாளும் ஆகுமாயின், சமையல் எவ்வாறு நடைபெறும்?

சில பொருள்கள் மட்டும் பரணில் இருந்தால் பெரிய கேடில்லை. ஆனால் மேடை மிகவும் நெருக்கமாகி, இப்போது வேண்டிய கரண்டியை இறக்க, அடுத்த நொடியே வேண்டியிருக்கும் தட்டை ஏற்ற நேரிட்டால், சமைப்பவர் நாள் முழுதும் ஏணியிலேயே இருப்பார். உலையில் அரிசி விழாது. கணினி இந்நிலைக்கு ஆளாவதை அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். ஒவ்வொரு பணிக்கும் அவ்வப்போது இன்றியமையாத பொருள்களின் தொகுதி ஒன்று உண்டு. அத்தொகுதிகள் எல்லாம் சேர்ந்து நினைவகத்துக்குள் அடங்கும்வரை கணினி நன்கு ஓடும். அடங்காத கணமே செயல் சட்டென்று சரிந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

“நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி இன்று ஏன் நின்றுவிட்டது?” என்ற வியப்புக்கு விடை இங்கேதான் உள்ளது. பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பக் கணினி சிறிது சிறிதாகத் தளர்வதில்லை. மேடை நிறையும்வரை தளர்ச்சி அவ்வளவாகத் தெரிவதில்லை. நிறைந்தபின் ஒரே ஒரு பக்கம் கூடினாலும் ஏணிப்படி ஏற்றம் தொடங்கிவிடுகிறது.

நினைவகத்தின் அருமையை உணர நம் நாட்டு வரலாறே போதும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1960-இல் பணி தொடங்கிய கணினிக்கு 1962-இல் ஜவஹர்லால் நேரு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, மும்பையில் பணியாற்றிய ரங்கசுவாமி நரசிம்மன். ஊர் விட்டு வந்த தமிழர் ஆற்றிய அரும்பணிகளுள் அதுவும் ஒன்று. அக்கணினியின் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். அஃதாவது இன்றைய கணக்கில் 10 கிலோபைட்டு. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அதனைக் கொண்டு கணக்கிட்டனர். 100 மெகாபைட்டு பிடிக்கும் ஒரு டேப்பை நாம் மூட மறந்தால், அத்தகைய கணினிகள் பத்தாயிரத்தின் நினைவகத்தை வீணே அடைத்து வைத்தவர் ஆகிறோம்.

திரைக்குப் பின்னே எரியும் தீ

இனி இரண்டாவது குற்றத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத பக்கங்களில் ஸ்கிரிப்டுகள் என்ன செய்கின்றன?

கிரிக்கெட் ஓட்டக் கணக்கைக் காட்டும் பக்கம் சில நொடிகளுக்கு ஒருமுறை “புதிய செய்தி உண்டா?” என்று தன் நிலையத்தைக் கேட்கிறது. மின்னஞ்சல் பக்கம் புதிய மடல் வந்துள்ளதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. செய்தித்தாளின் பக்கத்தில் ஓரத்து விளம்பரம் மாறி மாறி வருகிறது. அதன்பொருட்டுப் படமும் ஒளிக்காட்சியும் இறக்கப்படுகின்றன. நாம் எங்கே சொடுக்கினோம், எவ்வளவு நேரம் படித்தோம் என்று குறித்து அனுப்பும் கட்டளைகளும் உண்டு. இவை ஒவ்வொன்றும் சிறிது வேலையே. ஆனால் முப்பது பக்கங்களில் அவை ஒருங்கே நடக்குமாயின், கணினியின் மூளையாகிய பிராசஸர் ஓய்வறியாது. ஓய்வில்லாத பிராசஸர் சூடேறும். சூட்டைத் தணிக்கக் காற்றாடி இரையும். சூடு எல்லை கடந்தால், தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியாயின் மின்கலமும் விரைவில் வற்றும். குரோம் உலாவியைச் செய்வோர் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் அவ்வுலாவி செலவிடும் மின்சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, பார்வையில் இல்லாத பக்கங்களுக்கே சென்றது.

மற்றொன்றும் உண்டு. சில பக்கங்களின் கட்டளைகள் செம்மையாக எழுதப்படுவதில்லை. எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடாமல், மேலும் மேலும் இடம் கேட்டுக்கொண்டே இருக்கும். திங்களன்று 150 மெகாபைட்டு பிடித்த பக்கம் வெள்ளியன்று ஒரு ஜி.பி. பிடித்து நிற்பதைக் காணலாம். நாட்கணக்கில் மூடப்படாத பக்கங்களில் இக்கேடு மிகுதி.

உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்னும் துணைநிரல்களையும் மறத்தலாகாது. விலை ஒப்பிட்டுக் காட்டுவது, தள்ளுபடிச் சீட்டுத் தேடுவது, எழுத்துப் பிழை திருத்துவது எனப் பல உண்டு. இவற்றுள் பல, திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தம் கட்டளையைச் செருகுகின்றன. ஐந்து துணைநிரல்களும் இருபது பக்கங்களும் இருப்பின் நூறு செருகல்கள் ஆகலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அறை

“முன்னாளில் உலாவி இவ்வளவு இடம் கேட்டதில்லையே, செய்பவர்களின் அசட்டையே காரணம்” என்று குறை கூறுவோர் உளர். அக்குறை முழுதும் நியாயம் அன்று. முன்பெல்லாம் எல்லாப் பக்கங்களும் ஒரே கூடத்தில் குடியிருந்தன. ஒரு பக்கம் கெட்டால் உலாவி முழுதும் வீழும். 2008-இல் வெளிவந்த குரோம், பக்கங்களுக்குத் தனித்தனி அறை அமைத்துக் கொடுத்தது. ஓர் அறையில் தீப்பற்றினால் அந்த அறை மட்டும் மூடப்படும். ஆனால் ஒவ்வோர் அறைக்கும் சுவரும் கதவும் தனியே வேண்டுமன்றோ? அதனால் இடச்செலவு கூடியது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் குறைபாடு உலகறிய வெளிப்பட்டது. ஒரே அறையில் உள்ள ஒரு தளத்தின் கட்டளை, அடுத்த தளத்தின் இரகசியத்தை உய்த்தறியக்கூடும் என்பது அதன் சாரம். வங்கிப் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் ஓர் அறையில் இருத்தல் இனி ஆகாது என்று, அவ்வாண்டு ஜூலையில் குரோம் ஒவ்வொரு தளத்தையும் பிரித்து வைத்தது. அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் வரை உயர்ந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. பயர்பாக்ஸும் 2021-இல் இம்முறையை மேற்கொண்டது. ஆகவே உலாவி கேட்கும் இடத்தில் ஒரு பகுதி நம் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலையாகும். அவ்விலையைக் குறைக்க எண்ணிப் பழைய உலாவியைத் தேடிப் பொருத்துவது பேதைமை.

உலாவி தானே செய்யும் சிக்கனம்

உலாவியைச் செய்வோர் இவ்விடர்களைக் கண்டு வாளா இருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் குரோம், நினைவகம் மிகக் குறையும்போது நெடுநேரம் தொடப்படாத பக்கத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. தலைப்பு மட்டும் நிற்கும். அதனைச் சொடுக்கினால் பக்கம் மீண்டும் ஏற்றப்படும். 2017 மார்ச்சில், பார்வையில் இல்லாத பக்கத்தின் காலக் கட்டளைகள் பிராசஸரின் ஓர் உட்பகுதியின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சராசரியாகப் பயன்படுத்தலாகாது என்று வரம்பிடப்பட்டது. 2021 ஜனவரியில் வந்த 88-ஆம் பதிப்பில், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கம் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறையே விழித்தெழலாம் என்று அவ்வரம்பு மேலும் இறுக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் எட்ஜ் உலாவியில் அதே காலத்தில் உறங்கும் டேப்கள் என்ற ஏற்பாடு வந்தது. 2022 இறுதியில் குரோமிலும் மெமரி சேவர் என்ற வசதி சேர்ந்தது.

இதனால் விளங்குவது யாது? டேப்களின் எண்ணிக்கை ஒன்றையே கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உறங்கும் ஐம்பது பக்கங்கள் கணினியை வருத்தமாட்டா. விழித்திருக்கும் ஒரே பக்கம் கணினியை முடக்கிவிடும். மேலும், இவ்வரம்புகளுக்கு விலக்குகள் உண்டு. ஓசை எழுப்பும் பக்கமும், முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் உள்ள பக்கமும் உறங்க வைக்கப்படுவதில்லை; வைத்தால் பாட்டு நின்றுவிடும், பேச்சு அறுந்துவிடும். ஆகவே மறந்துபோன பாட்டுப் பக்கமும், முடிந்தபின் மூடாத வகுப்புப் பக்கமும் முழு விழிப்போடே இருக்கக்கூடும். இறக்கி வைக்கப்பட்ட பக்கம் மீண்டும் ஏறும்போது, பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் வெறுமையாகத் திரும்பி வரவும் கூடும். படிவத்தை நிரப்பத் தொடங்கினால் முடித்து அனுப்பிவிட்டே எழுதல் நன்று.

கள்ள உழைப்பு

கவனமின்மையால் எழும் சுமை ஒருபுறம் இருக்க, வஞ்சனையால் ஏற்றப்படும் சுமையும் உண்டு. 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்னும் ஸ்கிரிப்ட் வெளிவந்தது. ஒரு தளத்தில் அதனை வைத்துவிட்டால், அப்பக்கத்தைத் திறப்பவரின் கணினி அவர் அறியாமலே எண்ம நாணயக் கணக்குகளைப் போடத் தொடங்கும். உழைப்பும் மின்சாரமும் நம்முடையவை, ஊதியம் வேறொருவருடையது. பக்கம் திறந்திருக்கும்வரை அவ்வுழைப்பு ஓயாது.

2018 பிப்ரவரியில், பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும் துணைநிரல் ஒன்றில் இக்கள்ளக் கட்டளையை எவரோ புகுத்தியதால், அதனைப் பயன்படுத்திய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் பாதிக்கப்பட்டன. மக்களின் தகவல் உரிமையைக் காக்கும் பிரிட்டிஷ் அலுவலகத்தின் தளமும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஆந்திர மாநிலத்து நகராட்சித் துறைத் தளங்களிலும் அத்தகைய கட்டளை காணப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. காயின்ஹைவ் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. ஆயினும் அம்முறையை அறிந்தோர் உலகில் உள்ளனர். எந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் காற்றாடி அலறத் தொடங்குகிறதோ, அந்தப் பக்கத்தை ஐயுற்று மூடுவதே அறிவுடைமை.

நாம் செய்ய வேண்டுவன

முதற்கண் அளந்து பார்த்தல் வேண்டும். குரோம், எட்ஜ் உலாவிகளில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு எஸ்கேப் விசையைத் தட்டினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் தோன்றும். பயர்பாக்ஸிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. எந்தப் பக்கம், எந்தத் துணைநிரல், எவ்வளவு நினைவகத்தையும் பிராசஸரையும் எடுத்துக்கொள்கிறது என்று அது வரிசைப்படுத்திக் காட்டும். முதலிடத்தில் நிற்பவற்றை மூடிவிட்டுக் கணினியின் போக்கைப் பார்க்க வேண்டும். வேகம் மீண்டால் நோய் தெரிந்துவிட்டது. கடைக்குச் செல்லும் வேலை இல்லை.

இரண்டாவதாக, பின்னர்ப் படிப்பதற்கென்றே திறந்து வைத்துள்ள பக்கங்களைப் புக்மார்க் செய்துவிட்டு மூடலாம். கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால் ஒரு பக்கம் குறித்து வைக்கப்படும். அவற்றோடு ஷிப்ட் விசையையும் சேர்த்தால் எல்லாப் பக்கங்களும் ஒரே தொகுப்பாகக் குறிக்கப்படும். தவறி மூடிய பக்கத்தைக் கன்ட்ரோல், ஷிப்ட், தமிழில் ‘டீ’ என ஒலிக்கும் T எழுத்து ஆகிய விசைகள் மீட்டுத் தரும். இழந்துவிடுவோம் என்ற அச்சமே நம்மை மூடவிடாமல் தடுக்கிறது, அவ்வச்சத்துக்கு இடமில்லை.

மூன்றாவதாக, குடும்ப ஒழுங்கு ஒன்று வேண்டும். ஒரே கணினியை நால்வர் பயன்படுத்தும் வீட்டில், “இஃது அப்பாவின் பக்கம், இஃது அக்காவின் பாடம்” என்று பிறர் திறந்தவற்றை மூட ஒவ்வொருவரும் தயங்குவது இயல்பு. மரியாதையால் விளையும் இத்தயக்கமே டேப்களை மலையாகக் குவிக்கிறது. விண்டோஸிலோ உலாவியிலோ ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைத்துக்கொண்டால், தத்தம் பணி முடிந்ததும் தத்தம் சாளரத்தை மூடிவிட்டு எழலாம். கணக்கை மாற்றிவிட்டு முன்னதை அப்படியே விட்டுச் செல்வது போதாது; அதன் சுமை பின்னே நின்றுகொண்டுதான் இருக்கும்.

நான்காவதாக, துணைநிரல்களை ஆராய்ந்து, பயன்படாதவற்றை நீக்க வேண்டும். குரோமின் அமைப்புப் பகுதியில், உலாவியை மூடியபின்னும் பின்னணிச் செயல்களைத் தொடர இசைவு கேட்கும் விசை ஒன்று உண்டு. அதனை அணைத்துவிடலாம். மெமரி சேவர் வசதியை இயக்கி வைப்பதும் நன்று.

ஐந்தாவதாக, முக்கியமான வேளைக்கு முன் மேடையைத் துடைத்து வைத்தல் வேண்டும். தத்கால் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும் அவ்வேளையில், பரணுக்கு ஏறி இறங்கும் கணினியோடு போட்டியில் இறங்குவது வீண். பத்து மணிக்குக் கால்மணி முன்னதாகக் கணினியை மறுதொடக்கம் செய்து, வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்தல் போதும். பிள்ளைகளின் இணையவழித் தேர்வுக்கும் ஊரிலிருந்து வரும் அழைப்புக்கும் இதுவே விதி.

இவற்றையெல்லாம் செய்தபின்னும் கணினி தளர்ந்தே இருக்குமாயின், அப்போது செலவைப் பற்றி எண்ணலாம். அப்போதும் முதலில் எண்ண வேண்டியது புதுக் கணினி அன்று. நினைவகத்தை 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.யாக உயர்த்த இயலுமா, சுழலும் ஹார்டு டிஸ்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்த இயலுமா என்று கேட்டறிதல் வேண்டும். மேடையை அகலமாக்குவது முதலாவது. பரணுக்கு நல்ல ஏணி வைப்பது இரண்டாவது. சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் முதலாவது இயலாது. கணினியைத் தூய்மை செய்து தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் நாடுதல் வேண்டா. அவையும் பின்னணியில் எரியும் மற்றோர் அடுப்பாகவே முடியக்கூடும்.

வரும் ஞாயிறன்று வீட்டார் அனைவரும் கணினியின் முன் அரைமணி அமர்ந்து, திறந்துள்ள பக்கங்களை எண்ணிப் பார்க்கலாம். எது எவருடையது, எது இன்னும் தேவை, எதற்கு வேலை முடிந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேவையற்றவற்றை மூடலாம். அப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால் அவர்களுக்கு அஃது ஒரு பாடமும் ஆகும். புதுக் கணினிக்கென ஒதுக்கிய தொகை, ஊருக்குச் சென்று வரும் பயணச் செலவுக்கு உதவட்டும்.